அஞ்சறைப் பெட்டியில் ஒரு பெர்லின்

குறைந்த பணத்தில் வெளிநாட்டு நகரம் ஒன்றில் இரண்டு மாதம் தங்குவது எப்படி இயங்குகிறது? அடுப்படிக் கணக்கில் ஒரு விளக்கம்.

என் அம்மா மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் கணக்குப் பார்ப்பார். சம்பளம் வந்த மறுநாள் மளிகைச் சீட்டு எழுதுவார். துவரம்பருப்பு இரண்டு கிலோ, உளுந்து ஒன்றரை, புளி அரை, மிளகாய் கால் என்று போகும் அந்தச் சீட்டு. சாமான் வந்ததும் டப்பாக்களில் கொட்டி, அஞ்சறைப் பெட்டியை நிரப்பி, வெந்தயத்துக்கு அடியில் ஒரு நூறு ரூபாய் நோட்டை மடித்து வைப்பார். அதன்பிறகு அந்த மாதம் முழுக்க அவர் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. கைதான் அளக்கும். விருந்தாளி வந்தால் குழம்பு பெருகும். மாதக் கடைசியில் ரசம் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அடுப்பு மட்டும் ஒருநாளும் அணைந்ததில்லை.

ஜெர்மன் மொழி படிப்பதற்காகப் பெர்லினில் 68 நாள் தங்கிவிட்டு வந்தபிறகுதான் அந்தச் சீட்டின் அருமை எனக்குப் பிடிபட்டது. பணம் கொஞ்சம்தான் இருந்தது. அது போதுமா என்று கேட்ட எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: போதும். ஆனால் ஊருக்குப் போனபின் நாள்தோறும் கணக்குப் பார்த்துப் பார்த்து அதைப் போதுமாக்க முடியாது. புறப்படுமுன் சீட்டு எழுதிவிட வேண்டும். அப்படி எழுதிவிட்டால் அங்கே போய் நிம்மதியாக இருக்கலாம். அந்தச் சீட்டு எப்படி இயங்குகிறது என்பதைப் பாத்திரம் பாத்திரமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பத்து நாள் சுற்றுலா ஓட்டல் சாப்பாடு மாதிரி. இலைக்கு உண்டான காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். இரண்டு மாதம் தங்குவது தனிக்குடித்தனம். அங்கே அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், கடை தெரிய வேண்டும், எந்தக் கிழமை கடை இருக்காது என்பதும் தெரிய வேண்டும். சுற்றுலாக் கணக்கை ஆறால் பெருக்கித் தங்கல் கணக்குப் போட முயல்கிறவர்கள், தொகையைப் பார்த்துப் பயந்து பயணத்தையே கைவிடுகிறார்கள். பெருக்க வேண்டிய கணக்கு அல்ல இது.

ஊறவைப்பது: நாளும் தேதியும்

நாளைக்கு இட்லி வேண்டுமென்றால் இன்றைக்கு மாவு ஆட்ட வேண்டும்; இன்றைக்கு ஆட்ட, காலையிலேயே ஊறப் போட்டிருக்க வேண்டும். அவசரப்படுத்த முடியாத வேலைகள் சமையலில் உண்டு. பயணத்தில் அந்த இடம் விசாவுக்கு.

ஜெர்மனி ஷெங்கன் நாடுகளில் ஒன்று. குறுகியகால விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்வரைதான் இருக்கலாம். இறங்கிய நாளும் கிளம்பும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் எடுத்துக்கொள்வார்கள், தேவைப்பட்டால் 45 நாள்வரை நீட்டலாம். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கடவுச்சீட்டில் விசாவை ஒட்டித் தந்ததும் இரண்டு இடங்களைப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. தேதி இடைவெளி பெரிதாகவும் நாள் எண்ணிக்கை சிறிதாகவும் இருப்பது சாதாரணம். எண்ணிக்கைதான் உங்கள் அரிசி. தேதிகள் வெறும் பாத்திரம்.

ஊறவைப்பதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். பெர்லினில் அறைகள் மாதத்தின் முதல் தேதியில் கை மாறுகின்றன. மாதப் பயணச் சீட்டும் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரைதான். விமானக் கட்டணம் கொஞ்சம் மலிவாக இருந்ததால் நான் ஏப்ரல் 24 அன்று போய் இறங்கினேன். அறைச் சாவி மே 1 அன்றுதான் கிடைத்தது. இடையில் ஏழு இரவு, பலர் படுக்கும் விடுதி ஒன்றில் இரவுக்கு 30 யூரோ. மொத்தம் 210 யூரோ. அது என் ஒரு மாத மளிகைப் பணம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அதில் கால்வாசிகூட இல்லை. தேதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் அறையைக் கேளுங்கள், பிறகு விமானத்தைக் கேளுங்கள்.

தாளிப்பு: ஒருமுறைச் செலவு

ஒரு கரண்டி எண்ணெய், அரை ஸ்பூன் கடுகு, இரண்டு மிளகாய். தாளிப்பு ஆழாக்குப் பருப்புக்கும் ஏறக்குறைய அதேதான், படிப் பருப்புக்கும் ஏறக்குறைய அதேதான். பானை பெரிதாக ஆக, ஒரு கிண்ணத்துக்கு விழும் தாளிப்புச் செலவு குறையும்.

விமானம், விசா, காப்பீடு மூன்றும் தாளிப்பு. புரிவதற்காக ஒரு எண் வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் சேர்த்து 75,000 ரூபாய். பத்து நாள் தங்கினால் ஒரு நாளின் தலையில் 7,500 ரூபாய் ஏறுகிறது. அறுபது நாள் தங்கினால் 1,250. நீண்டு தங்குவது ஏன் கட்டுப்படியாகிறது என்பதற்கான முதல் விடை இது. காப்பீடு நாள் கூடினால் கொஞ்சம் கூடும். விசாவும் விமானமும் நாளைப் பார்ப்பதில்லை.

இதிலிருந்தே ஒரு முடிவும் கிடைக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு நான்கு நகரமா, ஒரு நகரமா என்று தடுமாறினால் ஒன்றையே எடுங்கள். நகரம் மாறும்போதெல்லாம் ரயில் கட்டணம், முதல் இரவு விடுதி, புதிய ஊரின் பயணச் சீட்டு என்று மறுபடி மறுபடி தாளிக்க வேண்டும்.

உலை: வாடகை

மொத்தச் சீட்டையும் இப்போது எழுதிவிடலாம். இது ஒரு மாதத்துக்கு, யூரோவில், ஓர் எடுத்துக்காட்டாக:

அறை, எல்லாம் சேர்த்த வாடகை – 660
மளிகை, காய்கறி – 210
பயணச் சீட்டு – 63
கைபேசி, துணி துவைப்பு – 30
வெளியே ஒரு காபி, கேக், நுழைவுச் சீட்டு – 60
மொத்தம் – 1,023

கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கை வாடகை விழுங்குகிறது. அதனால்தான் அதை உலை என்கிறேன். உலைப் பானையின் அளவைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் முடிவாகும். வாடகையில் 60 யூரோ குறைந்த ஓர் அறை கிடைத்தால், அந்தக் கடைசி வரியிலுள்ள காபி, கேக், நுழைவுச் சீட்டு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துச் சேமிக்கும் தொகை அப்படியே ஒரே முடிவில் கிடைத்துவிடுகிறது. சின்னச் சின்னச் சந்தோஷங்களை வெட்டிச் சேமிக்கிறவர்கள் உப்பைக் குறைத்து மளிகைச் செலவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். சாப்பாடு சப்பென்று ஆகும், பணம் மிஞ்சாது.

ஜெர்மனியில் வாடகை பேசும்போது இரண்டு சொற்கள் காதில் விழும். ஒன்று கால்ட்மீட்ட, அதாவது ‘குளிர் வாடகை’. வெறும் இடத்துக்கு மட்டும். இன்னொன்று வார்ம்மீட்ட, ‘சூட்டு வாடகை’. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் இதில் அடங்குமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் எந்த வாடகை என்று பார்க்காமல் மனக்கணக்குப் போடக் கூடாது.

முழு வீடு நம் கைக்கு எட்டாது. எட்டுவது வேகே. ஒரே வீட்டைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கோர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது என்று வாழும் முறைக்கு அங்கே அந்தப் பெயர். அப்படி ஒரு வீட்டில் இருப்பவர் கோடையில் இரண்டு மூன்று மாதம் வெளியூர் போனால், கட்டில் மேசையோடு தன் அறையை உள்வாடகைக்கு விடுவார். அதை ட்ஸ்விஷன்மீட்ட என்பார்கள். நமக்கு வேண்டியது இதுதான். வீட்டு உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணமாகக் குளிர் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. திரும்பி வரும் பணம் என்றாலும் முதல் நாளில் அது கையில் இருந்தாக வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கொடுத்தது திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. “நான் வேறு நாட்டில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று யாராவது சொன்னால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். படங்கள் அழகாகவும் வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகவும் இருக்கும். காணொளியில் அறையைக் காட்டச் சொல்லுங்கள், அங்கே வசிக்கும் மற்றவர்களோடு பேசுங்கள்.

மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும் வெளிநாட்டவர் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு மாதக்காரர்களுக்கு அந்த வரிசை மிச்சம்.

கரண்டி: ஒரே சீட்டு

கரண்டியை ஒருமுறை வாங்கினால் போதும், கிண்டும்போதெல்லாம் காசு கேட்காது. ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான டாய்ச்லாண்ட்டிக்கெட் அப்படிப்பட்ட கரண்டி. 2025இல் அது 58 யூரோவானது, 2026 ஜனவரி முதல் 63. பெர்லினின் மெட்ரோ, டிராம், பேருந்து, புறநகர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் செல்லும். ஐசிஇ போன்ற அதிவேக, தொலைதூர ரயில்களில் செல்லாது. நாளுக்கு இரண்டு யூரோ சொச்சம்தான் விழுகிறது.

இது சந்தா முறை. நீங்கள் நிறுத்தும்வரை ஒவ்வொரு மாதமும் பணம் போய்க்கொண்டே இருக்கும். எந்த மாதக் கடைசியோடு போதும் என்று நினைக்கிறீர்களோ, அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். இந்திய அட்டையை ஏற்கும் விற்பனையாளர் யார் என்பதையும் ஊரிலிருந்தே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரண்டிக்கும் உலைக்கும் ஓர் உறவு உண்டு. பெர்லினின் நடுப்பகுதியைச் சுற்றி வட்டமாக ஒரு ரயில் பாதை இருக்கிறது. 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். வட்டத்துக்குள் அறை கேட்டால் வாடகை ஏறும். வட்டத்தைத் தாண்டி நாலு நிலையம் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் இறங்கும். சீட்டு விலையோ இரண்டுக்கும் ஒன்றுதான். தூரத்துக்கு நீங்கள் கொடுப்பது நேரம் மட்டுமே. நீண்டு தங்குகிறவரிடம் தாராளமாக இருக்கும் சரக்கும் அதுதான்.

அங்கே நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை. யாரும் கேட்கவில்லை என்று நம்பி ஏறினால், சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் 60 யூரோ அபராதம் கட்ட வேண்டிவரும். கிட்டத்தட்ட ஒரு மாதச் சீட்டின் விலை அது.

அடுப்பு: உவமையே இல்லாத சமையல்

இந்தப் பகுதியில் உவமைக்கு வேலையில்லை. நிஜமான அடுப்படிதான். சொந்தமாகச் சமைக்காமல் அந்த 210 யூரோவில் ஒரு மாதத்தை ஓட்ட முடியாது.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்? சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, மிளகாய்ப்பொடி, பெருங்காயம், புளி. என்ன கூடாது? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியையும் பால் பொருட்களையும் பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பால் பொருட்களில் நெய்யும் அடக்கம். தயிரில் ஊறிய மோர்மிளகாயையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பச்சையான காய், கனி, இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்து கனிகளுக்கு மட்டும்தான் விலக்கு. ஆக, செய்தித்தாளில் சுற்றிய கறிவேப்பிலைக் கட்டு போக முடியாது. குக்கர் எடுத்துப்போவதாக இருந்தால் அங்கே என்ன அடுப்பு என்று முதலில் கேளுங்கள். என் வீட்டில் இருந்தது இண்டக்‌ஷன். நான் கொண்டுபோன அலுமினியக் குக்கரை அது அறியவே இல்லை. வீட்டிலிருந்த எஃகுப் பாத்திரத்தில்தான் இரண்டு மாதமும் சமைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை துவரம்பருப்பை வேகவைத்தேன். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. தண்ணீர் மூன்று தடவை வற்றி மூன்று தடவை ஊற்றினேன். ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கினால் மேலே மாவாகவும் நடுவில் கல்லாகவும் இருந்தது. பருப்பு பழையது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், ஈழத்தமிழர் ஒருவரின் பலசரக்குக் கடையில் அரிசி வாங்கும்போது கல்லாவில் இருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“எத்தினை நாளைக்கு நிக்கப் போறீங்கள், தங்கச்சி?”

“இரண்டு மாதம், அக்கா.”

“அப்ப பருப்பை முதல்நாள் ராவே ஊறப் போடுங்கோ. இஞ்சத்தைத் தண்ணி சரியான சுண்ணாம்பு. வீட்ட போய்க் கேத்திலுக்குள்ள பாருங்கோ, தெரியும்.”

வீட்டுக்கு வந்து கெட்டிலைத் திறந்து பார்த்தேன். அடியில் வெள்ளையாக, ஓடு போலப் படிந்திருந்தது. பெர்லினின் குழாய் நீர் கடின நீர். குடிப்பதற்கு முற்றிலும் நல்லது, போத்தல் தண்ணீர் வாங்க வேண்டியதே இல்லை. ஆனால் அதிலுள்ள கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது, இளக விடுவதில்லை. இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் குழையும். புளித்தண்ணீரைப் பருப்பு வெந்தபிறகுதான் சேர்க்க வேண்டும் என்று நம் வீட்டில் சொல்வதும் இதே இனத்துப் பாடம். புளிப்பும் வேகவிடாது.

அந்த அக்காவினுடையது போன்ற கடைகள் பெர்லினில் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1980களில் போரிலிருந்து தப்பிய ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லின் பக்கமிருந்த ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸே நிலையம் வழியாக ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்து தஞ்சம் கேட்டார்கள். இன்று அதே நகரில் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் நிற்கிறது. நான் இரண்டு மாதத்துக்குச் சிக்கனம் பயின்றேன். அவர்கள் பெட்டியும் சீட்டும் இல்லாமல் அதே தண்ணீரில் முதல் உலையை வைத்தவர்கள். அந்த அக்கா சொன்ன ஒரு வரியின் பின்னால் நாற்பதாண்டு அனுபவம் இருக்கிறது.

துவரம்பருப்பை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. மைசூர்ப் பருப்பு சாதாரணப் பல்பொருள் அங்காடியிலேயே கிடைக்கும், ஊறவைக்காமலேயே வேகும். கொண்டைக்கடலையும் கோதுமை ரவை போன்ற புல்குரும் துருக்கியக் கடைகளில் நிறைய. புல்குரில் உப்புமா அருமையாக வரும். உருளை, வெங்காயம், கோஸ், கேரட் ஆகியவற்றுக்கு அங்கே பஞ்சமில்லை. தயிர் நம் ஊர்த் தயிரைவிடப் புளிப்புக் குறைவு, மறுநாள் வெளியே வைத்தால் சரியாகிவிடும்.

காய்கறிக்குச் சிறந்த பள்ளிக்கூடம் மேபாஹூஃபர் சந்தை. செவ்வாயும் வெள்ளியும் கால்வாய்க் கரையோரம் கூடும் துருக்கியச் சந்தை அது. 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் வேலைக்கு வந்த குடும்பங்களின் தலைமுறைகள் அங்கே கடை விரிக்கின்றன. மதியம் போனால் கிலோ விலை. மாலை ஆறு மணிக்குப் போனால் கூடை விலை. கடையைக் கட்டும் நேரத்தில் ஒரு தட்டு நிறையப் பழுத்த தக்காளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து “ஐன் ஓய்ரோ! ஐன் ஓய்ரோ!” என்று கூவுவார்கள். ஒரு யூரோவுக்கு இரண்டு கிலோ தேறும். அன்றிரவே அத்தனையும் தொக்காகிவிடும். அந்த வாரத்தின் சப்பாத்திக்கும் சோற்றுக்கும் அதுவே போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையங்களில் சில திறந்திருக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை உங்கள் அலமாரி நிறைந்திருந்தால் ஞாயிறு இனிக்கும். இல்லாவிட்டால் வெளியே சாப்பிட வேண்டிவரும், அந்த ஒரு நாள் மூன்று நாள் மளிகையை எடுத்துக்கொண்டுபோகும்.

ஓட்டைப் பாத்திரம்: கசிவுகள்

அடியில் ஊசித்துளை விழுந்த பாத்திரத்தில் எத்தனை ஊற்றினாலும் நிற்காது. பயணத்தில் துளைகள் பெரும்பாலும் பணத்தை மாற்றும் இடத்தில் இருக்கின்றன.

வெளிநாட்டில் இந்திய அட்டையைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம்வரை கூடுதலாக எடுக்கும். மாதம் 1,000 யூரோ செலவில் அது 35 யூரோ. நம் சீட்டில் கைபேசி, துணி துவைப்பு இரண்டுக்கும் ஒதுக்கியதைவிட அதிகம். இந்தக் கட்டணம் இல்லாத அல்லது குறைந்த அட்டையைப் புறப்படுமுன் வாங்கிக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம் உண்டென்றால், தினமும் 20 எடுப்பதைவிட வாரம் ஒருமுறை எடுப்பது மேல். இயந்திரம் “ரூபாயில் கணக்கிடட்டுமா, யூரோவிலா?” என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்த இயந்திரக்காரரின் மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும்.

அடைக்க வேண்டிய இன்னொரு சிறு துளை போத்தல். ஜெர்மனியில் குளிர்பானம் வாங்கும்போது, ஒருமுறை பயன்படுத்தும் போத்தலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். பீர்ப் போத்தலுக்கு 8 சென்ட். இதற்கு ஃபாண்ட் என்று பெயர். வெறும் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வட்ட வாயில் வைத்தால், உள்ளே உருட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு சீட்டைத் துப்பும். அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு. நம் ஊரில் கோலி சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்த அதே முறைதான்.

ஒரு மாலை அந்த வரிசையில் என் முன்னால் வயதான ஒருவர் இரண்டு பெரிய பை நிறையப் போத்தலோடு நின்றார். பூங்காக்களில் பொறுக்கியவை. ஒவ்வொன்றாக நிதானமாக வைத்தார். சீட்டை வாங்கி எண்ணைப் பார்த்துவிட்டு, ரொட்டியும் வெண்ணெயும் எடுக்கப் போனார். அந்த நகரத்தில் போத்தலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் பலருக்கு உண்டு. தேடி எடுப்பவர் கையை உள்ளே விட வேண்டாமே என்பதற்காக. அன்றிலிருந்து என் போத்தல்களும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றன. சீட்டில் எழுதாத செலவு அது. எழுதத் தேவையும் இல்லை.

உறைமோர்: தொடக் கூடாத பணம்

தயிர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் ஒரு கரண்டியை நாளைக்கென்று எடுத்துவைப்போம். அதையும் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வெளிநாட்டில் தட்டக் கதவு கிடையாது.

ஊர் திரும்பும் தேதியை மாற்ற ஆகும் கட்டணமும் பத்து நாள் சாப்பாடும் விடுதியுமாக ஒரு தொகையை ஒதுக்குங்கள். 400 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அதை வேறோர் அட்டையில், பெட்டியின் அடியில் வையுங்கள். காப்பீடு இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். சில செலவுகளை நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் அவர்களிடம் கேட்க முடியும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அந்தக் காப்பீடு எதைத் தரும், எதைத் தராது என்பதைப் புறப்படுமுன் படியுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரையை முழுக் காலத்துக்கும், மருத்துவரின் சீட்டோடு, கைப்பையில் கொண்டுபோங்கள். அவசர உதவிக்கு அங்கே எண் 112.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால், இரண்டு மாதச் சீட்டு 2,04,600. தாளிப்பு 75,000. உறைமோர் 40,000. மொத்தம் 3,20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அறையின் முன்பணத்தைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அது திரும்பிவிடும். சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓராண்டு குறிவைத்துச் சேர்த்தால் சம்பளக்காரர் ஒருவர் எட்டக்கூடிய தொகை. உறைமோர் பெரும்பாலும் அப்படியே வீடு திரும்பும்.

இந்தப் பெருக்கலைப் புறப்படும் நாளோடு நிறுத்திவிடுங்கள். அங்கே போய் ஒவ்வொரு ரொட்டியையும் நூறால் பெருக்கினால் எதுவும் தொண்டையில் இறங்காது. யூரோவில் எழுதிய சீட்டை யூரோவிலேயே நடத்துங்கள்.

பரிமாறுவது: எதற்காக இத்தனையும்

சீட்டு சரியாக அமைந்துவிட்டால் நகரம் தன்னைப் பரிமாற ஆரம்பிக்கும். பெர்லினில் சிறந்தவை பலவற்றுக்கு நுழைவுச் சீட்டே இல்லை. பெர்னாவர் தெருவில் பழைய சுவரின் நினைவிடம் இலவசம். நாஜிக் காலத்தின் அதிகார அலுவலகங்கள் இருந்த இடத்திலுள்ள ‘பயங்கரத்தின் நிலவரைவு’ காட்சிக்கூடமும் இலவசம். நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு முன்பதிவு செய்தால் போதும். பத்து நாளில் வந்து போகிறவருக்கு இடம் கிடைக்காமல் போகலாம். நமக்கு அடுத்த வாரமும் உண்டு, அதற்கடுத்த வாரமும் உண்டு.

எனக்குப் பிடித்தது டெம்பல்ஹோஃப் மைதானம். 2008இல் மூடிய விமான நிலையத்தை 2010இல் மக்களுக்குப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதை அப்படியே கிடக்கிறது. ஜூன் மாதத்தில் ஒன்பதரை மணிவரை வெளிச்சம் இருக்கும். டப்பாவில் எலுமிச்சைச் சாதம் எடுத்துக்கொண்டு போய், விமானங்கள் ஓடிய தாரில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். அந்த மாலைகளில் நான் எந்தக் கணக்கும் போடவில்லை. கணக்கெல்லாம் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. அம்மா முப்பது நாளும் எதையும் அளக்காமல் சமைத்தது எப்படி என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

கடைசி நாள் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். குளிர்பெட்டியில் எனக்கென்று இருந்த தட்டைத் துடைத்தேன். அலமாரியில் அரைக் கிலோ துவரம்பருப்பு மிச்சம் இருந்தது. பானையைத் துடைத்துக் காலி செய்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பருப்பை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, அடுத்து யார் வருவார்களோ அவர்களுக்காக ஒரு தாள் ஒட்டினேன். இரண்டு மாதம் படித்த ஜெர்மனில், அகராதி பார்க்காமல் நான் எழுதிய முதல் வாக்கியம் அது.

‘முந்தின இரவே ஊறப் போடுங்கள்.’